1969 இசட்/28: எஞ்சினில் அடித்திருக்கும் நம்பரை எவ்வளவு நம்பலாம்?

கொலம்பஸ்_குமரன்
எல்லோருக்கும் வணக்கம். பத்து வருஷமாகக் காசு சேர்த்து இப்போதுதான் ஒரு 1969 ஷெவர்லே காமரோ இசட்/28 கார் வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். சின்சினாட்டி பக்கத்தில் ஒரு கார் இருக்கிறது, விற்பவர் 82,000 டாலர் சொல்கிறார். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை, நாலு கியர், பார்த்ததும் மனசு போய்விட்டது. எஞ்சின் பிளாக்கில் வி0612டிஇசட் என்று அடித்திருக்கிறது, பக்கத்திலேயே 19என்6 என்று தொடங்கி காரின் வின் நம்பரின் (அடையாள எண்) கடைசி இலக்கங்களும் இருக்கின்றன. ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உள்ளிருக்கைக்கும் நடுவே உள்ள தடுப்பில், இருக்கும் தகட்டில் 05பி, எக்ஸ்33, பெயின்ட் 57 57 என்று இருக்கிறது. "எல்லா நம்பரும் மேட்ச்" என்கிறார். கார் எந்த டீலருக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லும் ஷிப்பிங் ரிப்போர்ட்டும், வாரன்டி புத்தகத்தில் வரும் ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சின்ன உலோகத் தகடும் இருக்கின்றனவாம், போட்டோ அனுப்பினார். சனிக்கிழமை நேரில் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

பழையசாவி
போகாதீர்கள். 1969-ல் ஷெவர்லே மொத்தம் 2,43,085 காமரோ செய்தது, அதில் இசட்/28 வெறும் 20,302. உங்கள் வின் நம்பர் 12437 என்று ஆரம்பித்தால் அது வி8 எஞ்சின் வைத்த கூப்பே என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் இசட்/28 ஒரு ஆப்ஷன், தனி மாடல் இல்லை. எந்தக் காரில் எந்த ஆப்ஷன் போனது என்ற கணக்கை அமெரிக்காவில் விற்ற காமரோக்களுக்கு ஷெவர்லே வைத்திருக்கவில்லை. ஆக, சாதா வி8 காமரோவை எடுத்து ஒரு டிஇசட் எஞ்சினை (இசட்/28-க்கான 302 கன அங்குல எஞ்சினின் கோடு அது) போட்டு, கோடு ஒட்டி, பின்னால் ஸ்பாய்லர் வைத்தால் வின் நம்பர் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்தக் காலத்து டீலர் பில், ஜன்னலில் ஒட்டிய விலைச்சீட்டு, தொழிற்சாலையின் பில்ட் ஷீட், இவற்றில் ஒன்றாவது கையில் இல்லையென்றால் என்னைப் பொறுத்தவரை அது இசட்/28 இல்லை. ஷிப்பிங் ரிப்போர்ட்டை நம்பி ஏமாறாதீர்கள், அதில் தேதியும் டீலரும்தான் இருக்கும், ஆப்ஷன் ஒன்றும் இருக்காது.

நாலு_கியர்
ஷிப்பிங் ரிப்போர்ட் பற்றிச் சொன்னது சரி. மற்றதில் ஒத்துப்போக மாட்டேன். காகிதத்தை நம்பி இரும்பைப் பார்க்காமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பில்ட் ஷீட்டை அச்சடிக்கிறார்கள், ப்ரொடெக்ட்-ஓ-பிளேட்டையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஐம்பது வருஷம் கிளவ் பாக்ஸில் கிடந்த தகடு பளபளவென்று இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குமரன், நீங்கள் எழுதியதிலேயே ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. 05பி என்றால் இந்த உடல் மே மாதம் இரண்டாவது வாரம் கட்டப்பட்டது. வி0612டிஇசட் என்றால் ஃபிளின்ட் ஆலையில் ஜூன் 12-ம் தேதி எஞ்சின் பூட்டப்பட்டது. கார் லைனில் போய் ஒரு மாதம் கழித்துப் பிறந்த எஞ்சின் அந்தக் காருக்குள் எப்படி வந்தது? முதலில் பிளாக் வார்க்க வேண்டும், அப்புறம் எஞ்சின் பூட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் கார்.

கொலம்பஸ்_குமரன்
விற்பவரிடம் இதைக் கேட்டேன். வாரன்டி காலத்திலேயே எஞ்சின் போய் டீலர் மாற்றிக் கொடுத்திருக்கலாம் என்கிறார்.

நாலு_கியர்
அந்தக் கதை நிற்காது. வாரன்டியில் கொடுத்த மாற்று பிளாக்கில் சிஇ என்று தொடங்கும் நம்பர்தான் இருக்கும், காரின் வின் இருக்காது. எந்தக் காருக்குப் போகப் போகிறது என்றே தெரியாத பிளாக்கில் ஆலையில் எப்படி வின் அடிப்பார்கள்? ஜூன் தேதியும் மே மாதக் காரின் வின்னும் ஒரே இடத்தில் இருக்கிறதென்றால் பின்னால் யாரோ உட்கார்ந்து அடித்திருக்கிறார்கள்.

டிஇசட்302
நான் இருபத்திரண்டு வருஷமாக எஞ்சின் வேலை செய்கிறவன், அதனால் இதில் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். திரும்ப நம்பர் அடித்தாலே திருடன் என்று பேசுவது நியாயமில்லை. அந்த நம்பர் இருக்கும் இடம் பிளாக்கின் முன்னால், பயணி பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மேடை. ஹெட் உட்காரும் மேல்பரப்பும் அதுவும் ஒரே மட்டம். பிளாக் வளைந்துவிட்டால் மேல்பரப்பைச் சீவித்தான் ஆக வேண்டும், சீவினால் நம்பர் போய்விடும். எண்பதுகளில் எந்த மெஷின் ஷாப்பும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, அப்போது இது வெறும் பழைய கார். என்னுடைய சொந்தக் காரிலேயே அப்படிப் போனது, என் அப்பா சீவுவதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறது, அதே பிளாக்கில் அதே நம்பரை நானே திரும்ப அடித்தேன். அது பொய்யா?

பழையசாவி
ஆமாம். உங்களுக்கு அது உண்மை, போட்டோ உங்களிடம் இருக்கிறது. நீங்கள் விற்ற பிறகு மூன்றாவது ஆள் கைக்குப் போகும்போது போட்டோ தொலைந்திருக்கும், நம்பர் மட்டும் நிற்கும். ஆலையில் அடித்தது போலவே தோன்ற வேண்டும் என்றுதானே அதே மாதிரி எழுத்துப் பஞ்ச் தேடி வாங்கினீர்கள்?

டிஇசட்302
தோற்றம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக, விலை ஏற்றுவதற்காக இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆனால் குமரன் பார்க்கிற கார் என் மாதிரி இல்லை, தேதி இடிக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். தம்பி, நேரில் போகும்போது நல்ல டார்ச்சும் துணியும் எடுத்துப் போங்கள். அந்த மேடையைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். ஆலையில் ப்ரோச் என்ற கருவி இழுத்த மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக நேராக ஓடும், எழுத்துகளுக்கு அடியிலும் தொடரும். வட்டமாகச் சுழன்ற கீறல், அல்லது கண்ணாடி போல வழுவழுப்பு தெரிந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். வார்ப்பு நம்பரையும் பாருங்கள், பிளாக்கின் பின்பக்கம், கிளட்ச் ஹவுசிங் சேரும் விளிம்பில். ஆனால் 3970010 என்று இருந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள், அதே வார்ப்பு சாதா காமரோவின் 350 எஞ்சினுக்கும் போனது, 302, 350 இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம்தான். தேய்த்துவிட்டு டிஇசட் என்று அடிக்க வசதியான பிளாக் அதுதான்.

ரொறன்ரோ_வாசன்
அண்ணைமார் ஷெவர்லேயை வைத்தே கதைக்கிறீர்கள், மற்றக் கம்பெனிகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. பொன்டியாக் என்றால் பழைய பில்லின் நகலை பிஎச்எஸ் (பொன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) காசு வாங்கிக்கொண்டு அனுப்பும், ஜிடிஓவா சாதா லெமான்ஸா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். ஃபோர்டில் 1967 முதல் வந்த கார் என்றால் ஆலைக் கணக்கிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட். கிரைஸ்லரில் வின்னின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லும், 1970 பாரகூடாவில் அது ஆர் என்று இருந்தால் 426 ஹெமி. காமரோவிலும் கனடாவில் விற்பனையான கார் என்றால் ஜிஎம் கனடாவிடம் எழுதிக் கேட்கலாம், ஆப்ஷனோடு பதில் வரும். என்னுடைய 1969 எஸ்எஸ், அதுவும் காமரோவில் ஒரு வேக ரகம்தான், அப்படித்தான் உறுதியானது. குமரன் தம்பி, உங்கள் கார் முதலில் எந்த நாட்டு டீலருக்குப் போனது?

கொலம்பஸ்_குமரன்
ஷிப்பிங் ரிப்போர்ட்டில் இண்டியானாவில் ஒரு டீலர். கனடா இல்லை.

பழையசாவி
அப்போது கதவு மூடிவிட்டது. எக்ஸ்33-ஐ நம்பி மட்டும் போகாதீர்கள். காமரோ செய்த நார்வுட் ஆலையின் தகட்டில் அந்தக் கோடு இசட்/28-ஐக் குறிப்பது உண்மைதான், ஆனால் அந்தத் தகட்டில் வின் நம்பரே கிடையாது. இரண்டு ரிவெட்டைக் கழற்றினால் எந்தக் காரிலும் மாட்டலாம், புதிதாக அடித்தும் தருகிறார்கள்.

கொலம்பஸ்_குமரன்
போய்வந்தேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மாலை வரை அங்கேதான். விற்பவர் வயதானவர், முரட்டு ஆள் இல்லை, என்ன வேண்டுமானாலும் கழற்றிப் பார் என்று விட்டுவிட்டார். அவர் 2004-ல் வாங்கியபோதே எஞ்சின் இப்படித்தான் இருந்ததாம், அதை நான் நம்புகிறேன்.

முதலில் எஞ்சின். துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்தேன், வட்ட வட்டமாகக் கீறல். டிஇசட் எழுத்துகள் ஒரு வரிசையில் மிக நேராக நிற்கின்றன, வின் எழுத்துகளும் அதே ஆழம், அதே பஞ்ச் போல இருக்கின்றன. ஆலையில் இரண்டும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு நேரத்தில் அடித்திருக்க வேண்டும் இல்லையா. ஆக எஞ்சின் விஷயம் முடிந்தது.

அப்புறம் வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்று ஜாலி மூடியை எடுத்தேன். உள்ளே ஐம்பது வருஷத்து இலைக் குப்பை. அதைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு விரலால் தடவினேன், நம்பர் விரலில் தட்டியது. ஆலையில் உடலில் மறைவாக அடித்த வின் அது, டேஷ்போர்டு வின்னோடு அப்படியே பொருந்துகிறது. அந்த நம்பரைச் சுற்றி இருந்த பெயின்ட் பச்சை. அடர் பச்சை. ஆரஞ்சு அங்கே எட்டவே இல்லை. தகட்டில் 57 57 என்றால் ஃபாதம் கிரீன் என்று அப்போதுதான் உறைத்தது. தகட்டு ரிவெட்டுகளைச் சுற்றி ஃபயர்வாலின் பழைய கருப்புப் பெயின்ட் தகட்டின் மேலேயும் ஒரே படலமாகப் போகிறது, விரிசல் இல்லை.

காரைத் தூக்கி கியர் பாக்ஸைப் பார்த்தேன். பி9டி28பி. அதிலும் காரின் வின், இது கொஞ்சம் கோணலாக அடித்தது. பின் ஆக்சில் 12 போல்ட், அதன் தேதி ஏப்ரல் கடைசி.

நாலு_கியர்
அருமை. பி9டி28பி என்றால் மன்சி ஆலை, 1969 ஏப்ரல் 28, நெருங்கிய விகித எம்21. மே இரண்டாம் வாரக் காருக்குக் கச்சிதம். அந்த எஞ்சினை 7,000 சுற்றுக்கு மேலே ஏற்றி ஓட்டுவதுதான் அந்தக் காலப் பையன்களுக்கு வேலை, டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காகச் செய்த 302 அது, எத்தனையோ கார்களில் பிளாக் உடைந்து போனது. இதிலும் அதுதான் நடந்திருக்கும். என் தீர்ப்பு: உண்மையான இசட்/28, எஞ்சினை இழந்தது.

பழையசாவி
நாலு கியரும் 12 போல்ட்டும் எஸ்எஸ் காரிலும் வரும். ரிவெட், பச்சை பெயின்ட் இரண்டும் நல்ல சாட்சி, நான் எதிர்பார்த்ததை விட நல்லது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எக்ஸ்33 என்ற ஒரே தகட்டின் மேல்தான் மொத்த வாதமும் நிற்கிறது. 82,000 என்பது சொந்த எஞ்சினோடு இருக்கும் காரின் விலை.

நாலு_கியர்
விலையில் சண்டை இல்லை. அந்த விலைக்கு நானும் வாங்கமாட்டேன்.

டிஇசட்302
குமரன், எஞ்சின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அது 302-தானா, இல்லை 350-ஆ? எண்ணெய்த் தொட்டியைக் கழற்றாமல் கூடத் தெரிந்துகொள்ளலாம். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள், கம்பி மேலிருந்து கீழே எவ்வளவு நகர்கிறது என்று குறியுங்கள். 302-ல் ஸ்ட்ரோக் 3 அங்குலம், 350-ல் 3.48. ஓட்டை சாய்வாக இருப்பதால் அளவு துல்லியமாக வராது, ஆனால் அரை அங்குல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கொலம்பஸ்_குமரன்
செவ்வாய்க்கிழமை திரும்பப் போய்ப் பார்த்தேன். மூன்று சிலிண்டரில் அளந்தேன், மூன்றிலும் மூன்றரைக்குப் பக்கம். 350. அவரிடம் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இருபது வருஷமாக 302 என்று நினைத்து ஓட்டியிருக்கிறார் பாவம். 54,000 என்று பேசி முடித்திருக்கிறோம். நான் கேட்ட ஒரே விஷயம், விற்பனைப் பத்திரத்திலேயே "எஞ்சின் பிளாக் இந்தக் காரோடு வந்ததல்ல, முன்பக்க முத்திரை பின்னால் அடிக்கப்பட்டது" என்று எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பழையசாவி
அந்த வரிக்காக உங்களை மதிக்கிறேன். நானாக இருந்தால் அந்த முத்திரையையும் தேய்த்து எடுத்திருப்பேன்.

டிஇசட்302
நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். தேய்த்த மேடையைப் பார்க்கும் அடுத்த ஆளுக்கு இன்னும் சந்தேகம்தான் வரும்.

கொலம்பஸ்_குமரன்
இப்போதைக்கு அப்படியே விடுகிறேன். அந்த மேடையின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்தேன், பத்திரத்தின் நகலோடு சேர்த்து உறையில் போட்டு கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் ஃபாதம் கிரீன் அடிக்கலாம் என்றிருக்கிறேன். 1969 வார்ப்பில் உண்மையான டிஇசட் பிளாக், தேய்க்காதது, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அதன் சொந்த வின் அதிலேயே இருக்கட்டும்.