எல்லையோர ஊர்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது ஒதுக்கப்பட்டவர்களின் அனுபவங்கள்

வேலந்தாவளத்திலிருந்து:

நான் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையின் சரக்கு அனுப்பும் பிரிவில் கணக்கராகச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் சந்தைக்குப் போனாலே பாதிப் பேச்சு மலையாளத்தில்தான் காதில் விழும் என்பதால், மொழி எனக்குத் தடையாக இருக்கும் என்று நான் எண்ணவில்லை. உண்மையில் மொழி தடையாக இருக்கவும் இல்லை.

முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸுடன் உணவறைக்குள் சென்றபோது, ஜன்னலோரத்து நீள மேசையில் எட்டுப் பேர் அமர்ந்திருந்தார்கள். இன்னும் ஒருவர் உட்காருமளவுக்கு இடமும் இருந்தது. "ஊணு கழிச்சோ?" (சாப்பிட்டாயிற்றா?) என்று ஒருவர் கேட்டார், இனிமேல்தான் என்று நானும் மலையாளத்திலேயே விடை சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. அந்தக் காலி இடத்தில் ஒருவர் தம் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தார். நீல நிறப் பாட்டில், மூடியில் ஒரு ரப்பர் வளையம். நான் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் வைத்துப் புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாளும் அப்படித்தான், அடுத்த வாரமும் அப்படித்தான். என்னைக் குறித்து அவர்கள் ஏதாவது இழிவாகப் பேசியிருந்தால் ஒருவிதத்தில் எளிதாக இருந்திருக்கும், ஏனென்றால் எனக்கு எல்லாம் புரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் என்னைப் பற்றிப் பேசவே இல்லை. நான் அருகில் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மழையைப் பற்றித் தொடங்கினார்கள். கேரளத்தில் வாழும் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் சொன்னது. சாப்பாட்டு மேசைக்கு அப்படி ஒரு பிரிவை யாரும் எழுதி வைக்கவில்லை என்று அந்த நாட்களில் கசப்புடன் நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பரில் ஓணம் வந்தது. பூக்களம் போடக் காலை ஏழு மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள் என்பதும், பெண்கள் அனைவரும் ஒரே கரை வைத்த செட் சாரி உடுத்த முன்பே பேசி வைத்திருந்தார்கள் என்பதும், ஒன்பது மணிக்குச் சுடிதாரில் போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் களத்தில் நிரப்பியிருந்த செண்டுமல்லியும் வாடாமல்லியும் எங்கள் பக்கத்திலிருந்து போனவை. பூவுக்குக் கிடைத்த அழைப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் மனத்தோடு போகிற சங்கதிகள். அக்டோபரில் நடந்தது அப்படியல்ல. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை அனுப்பும்போது ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) எடுத்து, அதன் இரண்டாம் பகுதியில் லாரியின் எண்ணைப் பதிய வேண்டும். லாரி மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டும். அன்று மாலை ஏற்றுவதாக இருந்த வண்டி பழுதாகி வேறு வண்டி வந்திருக்கிறது. அந்தத் தகவல் எல்லாருடைய கைப்பேசிக்கும் போயிருக்கிறது, எனக்கு மட்டும் வரவில்லை. நான் பழைய எண்ணோடு பில்லைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வாளையாறு அருகே அதிகாரிகள் லாரியை மறித்து நள்ளிரவுவரை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் காலை மேலாளர் என்னை எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கேட்டார்: "குரூப்பில் போட்டிருந்தார்களே, பார்க்கவில்லையா?" அப்படி ஒரு வாட்ஸ்அப் குரூப் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதைச் சொன்னேன். மேசைக்காரர்கள் எட்டுப் பேரும் தத்தம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தவர் ஸ்டோர் பொறுப்பில் இருந்த சேச்சி. ஐம்பதைத் தாண்டியவர். அந்த மேசையில் ஒரு குறி நடக்கிறது என்று அவர்தான் சொன்னார். நம் பக்கத்தில் சீட்டு என்பதைப் பாலக்காட்டிலும் திருச்சூரிலும் குறி என்பார்கள். பன்னிரண்டு பேர், மாதம் இரண்டாயிரம், ஐந்தாம் தேதி மதியம் நறுக்கு எடுத்து, அதாவது குலுக்கல் போட்டு, யாருக்கு இருபத்துநாலாயிரம் என்று முடிவு செய்வார்கள். பதிவு செய்யாத குறி என்பதால் வெளியே தெரியக் கூடாது என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. யார் எடுத்தார், யார் தவணை பாக்கி வைத்தார், யார் மகளின் கல்யாணத்துக்காக முன்கூட்டிக் கேட்டார் என்பதெல்லாம்தான் அந்த மேசையின் பேச்சு. குரூப்பும் குறிக்காகத் தொடங்கியதுதான். பிறகு சோம்பலினால் லாரி எண், ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் அதிலேயே போடப் பழகிவிட்டார்கள். புதிதாக வந்தவளை அதில் சேர்த்தால் குறிக்கணக்கும் அவள் கண்ணில் படுமே என்று சேர்க்காமல் விட்டார்கள்.

ஜனவரியில் குறியிலிருந்த ஒருவர் வேலையை விட்டுப் போனார். "ஒரு ஆள் ஒழிவுண்டு மோளே, கூடுன்னோ?" (ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது மகளே, சேர்கிறாயா?) என்று சேச்சி கேட்டார். எனக்கு ஜாமீன் யார் என்று மேசையில் கேள்வி எழுந்தபோது, தாம் நிற்பதாக அவரே சொன்னார். அன்று மதியம் அந்த நீல பாட்டில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது.

காரணம் தெரிந்ததும் என் வருத்தம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நான் அங்கே சேர்ந்தபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது என் குணம் அல்ல, எனக்காகப் பொறுப்பேற்கும் ஓர் ஆள். மேலாளர் மீதுதான் இன்றும் எனக்குக் கோபம் மிகுதி. வேலைத் தகவல் எந்த வழியாக யாருக்குப் போகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. அதை அவர் செய்யாமல் விட்டதற்கான ஏச்சு எனக்கு விழுந்தது.

திருத்தணியிலிருந்து:

மேலே எழுதியிருக்கும் சகோதரிக்குக் கிடைத்தது போன்ற ஒரு காரணம் எனக்கும் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, பக்கத்து நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் நகரியின் விசைத்தறித் தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகும். அந்தப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தேன்.

முதல் வாரம் எல்லாரும் என்னோடு தமிழிலேயே பேசினார்கள், சிரித்தார்கள். இரண்டாவது வாரத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர், "சாருக்குத் திருத்தணியில் எந்தத் தெரு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியின் பொருளைக் கேட்பவரும் அறிவார், கேட்கப்படுபவரும் அறிவார். நான் தெருவைச் சொன்னேன். மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு தெலுங்குக்கு மாறியது. எனக்குத் தெலுங்கு தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் பாட்டியின் வீட்டுப் பேச்சு தெலுங்கு என்பதை நானும் சொல்லவில்லை.

இடைவேளைக்குத் தேநீர் கொண்டுவரும் அம்மா மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரிலும் எனக்குப் பேப்பர் கப்பிலும் ஊற்றத் தொடங்கினார். ஒருநாள் கேட்டதற்கு, "புது சார் இல்லையா, டம்ளர் கம்மியா இருக்கு" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்த விடை அது. நானும் அதை நம்ப முயன்றேன். நவம்பரில் இயற்பியலுக்கு ஒரு புதிய ஆசிரியர் வந்து சேர்ந்தார். வந்த அன்றே, அந்த முதல் இடைவேளையிலேயே, அவருக்கு டம்ளர் கிடைத்தது.

பழகப் பழக எல்லாம் சரியாகும், நீங்களே முதலில் கை நீட்டுங்கள் என்று சிலர் புத்தி சொல்வார்கள். நான் அந்த அறையில் ஐந்து மாதம் கை நீட்டினேன். எனக்குப் பேப்பர் கப்தான் வந்தது. ஆண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு விலகினேன்.

போடிநாயக்கனூரிலிருந்து:

நான் ஒதுக்கப்பட்டவன் அல்லன், ஒதுக்கியவர்களில் ஒருவன். ஏலக்காய் வியாபாரக் கடை ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் தரம் பிரிக்கும் வேலை பார்த்தேன். நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் போடிக்காரர்கள். நெடுங்கண்டத்திலிருந்து ஒரு மலையாளி வேலைக்கு வந்தார். சனிக்கிழமை மாலை பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்குப் போவார், திங்கள் காலை இறங்கி வந்துவிடுவார்.

அவரிடம் எங்களுக்கு எந்தப் பகையும் இல்லை என்று அப்போது நாங்கள் உறுதியாக நம்பினோம். ஆனால் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காயிலும் நிறம் வெளுத்ததைக் கையால் பொறுக்கித் தனியே போட வேண்டும் என்ற எங்கள் கடை வழக்கத்தை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் கலந்து கட்டிய மூட்டையை முதலாளி அவிழ்த்துக் கொட்டியபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்தக் காயை அவர் தனியாக உட்கார்ந்து இரவு எட்டு மணிவரை மறுபடி பொறுக்கினார். வேண்டுமென்றே வேகமாகத் தமிழ் பேசுவோம். அவர் "எந்தா?" என்றால் அதற்கும் சிரிப்போம். மதியத்தில் அவர் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவார்.

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் இறங்கி வரவில்லை. கணக்கைத் தீர்த்து அனுப்புவதற்காக முதலாளி அவருடைய வீட்டுப் பெயரைக் கேட்டார், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் ஒரே கொட்டகைக்குள் வேலை செய்தும், அவர் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் என்ன சாப்பிட்டார் என்பதையும் நாங்கள் பார்த்ததில்லை.