மறு: மருந்தும் மரபணுவும் சேரும் துறைக்குத் தமிழில் என்ன பெயர்?

தம்பிக்கும் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மாணவர் சஞ்சிகைக்கு நீர் எழுதிய இரண்டு விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் கட்டுரைகளையும் வாசித்தேன். ஜனெற் ரௌலி பற்றியது அருமை. ரிச்சர்ட் வைன்ஷில்பௌம் பற்றியதை இன்னும் கொஞ்சம் விரிக்கலாம். நீர் சொல் கேட்டது அந்த இரண்டாவது கட்டுரையில் வரும் பார்மகோஜெனட்டிக்ஸ் துறைக்கு, அதாவது ஒரே மருந்து ஆளுக்கு ஆள் வேறுபட்டு வேலை செய்வதற்கு மரபணு எப்படிக் காரணமாகிறது என்று பார்க்கும் துறைக்கு. அதற்கு வருகிறேன். ஆனால் எனக்குப் பெரிய தடை, ஒருவரும் கேள்வி கேட்காத முதற் கட்டுரையின் தலைப்பில்தான் இருக்கிறது: 'புற்றுநோய் மரபியல்'.

ரௌலி என்ன கண்டார் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். 1960இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்போர்ட்டும், நாட்பட்ட ஒரு வகைக் குருதிப் புற்றுநோய் உள்ளவர்களின் கலங்களில் (செல்களில்) வழமையை விடச் சிறிய நிறமூர்த்தம் (குரோமோசோம்) ஒன்றைக் கண்டார்கள். குறைந்த துண்டு எங்கே போனது என்று பத்து வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் தெரியவில்லை. 1972இல் சிகாகோவில் ரௌலி, நிறமூர்த்தங்களைப் பட்டை பட்டையாகத் தெரியச் செய்யும், அப்போதுதான் வந்திருந்த சாயமூட்டல் முறையில் எடுத்த படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, நிறமூர்த்தங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துச் சோடி சேர்த்துப் பார்த்தார். அம்மா காகிதப் பொம்மை வெட்டுகிறா என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்களாம். அப்படிப் பார்க்கும்போதுதான் 22ஆம் நிறமூர்த்தத்தில் குறைந்தது 9ஆம் நிறமூர்த்தத்தின் நுனியில் கூடியிருப்பது அவர் கண்ணில் பட்டது. துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருந்தது. 1973இல் அது நேச்சர் இதழில் வந்தது. அந்த இடமாற்றத்தால் உண்டாகும் புரதத்தைக் குறிவைத்துச் செய்த இமாட்டினிப் குளிசைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதில் மரபு எங்கே இருக்கிறது? இந்த இடமாற்றம் தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைக்குப் போவதுமல்ல. பிறந்து வளர்ந்த ஒருவரின் என்புமச்சையில், அதாவது எலும்புக்குள் குருதி உண்டாகும் இடத்தில், ஒரு கலத்தில் நடந்து, அந்தக் கலத்தின் வழித்தோன்றல்களில் மட்டும் இருப்பது. அதை 'மரபியல்' என்ற தலைப்பின் கீழ் போட்டால், வாசிக்கிறவர் முதலில் விளங்கிக்கொள்வது 'பரம்பரை வருத்தம்' என்றுதான்.

இது ஏதோ சொல்லழகுப் பிரச்சினை இல்லை. நோயாளருக்கான துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்கிக் கொடுக்கும் வேலை கொஞ்சக் காலம் செய்தேன். ஒன்றில் 'மரபியல் மாற்றத்தால் ஏற்படும் நோய்' என்ற வரி இருந்தது. கிளினிக் கொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன் அந்த வரியில் விரலை வைத்து, "எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லையே ஐயா, மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம், இதை அவையளிட்டச் சொல்ல வேணுமோ?" என்று கேட்டார். நோயாளி அவருடைய மகன், வந்திருந்த நோய் சந்ததிக்குக் கடத்தப்படுவதே இல்லை. தாதி ஒருவர் பக்கத்தில் இருந்து பொறுமையாக விளக்கினார். ஆனால் விளக்க ஆளில்லாத வீடுகளிலும் அதே தாள்தானே கிடக்கும்?

நம்முடைய பாடநூற் சொற்கள் இதில் இன்னும் கடுமை. ஜீனுக்குப் பரம்பரையலகு, துறைக்குப் பிறப்புரிமையியல் என்று படித்து வந்தவர்கள் நாங்கள். மெண்டலின் பட்டாணிக்கு அவை நன்றாகப் பொருந்தும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'புற்றுநோய்ப் பிறப்புரிமையியல்' என்று எழுதிப் பாருங்கள், புற்றுநோயோடு பிறப்பதற்கு உரிமை இருப்பது போல் ஒலிக்கிறது. ஆகவே என் யோசனை: ரௌலியின் துறையைப் 'புற்றுநோய் மரபணுவியல்' என்போம். மரபணு என்ற சொல்லிலும் மரபு ஒளிந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் இன்றைக்குப் பத்திரிகை வாசிக்கிறவருக்கு மரபணு என்றால் கலத்துக்குள் இருக்கும் ஒரு பொருள், பரம்பரை என்ற எண்ணம் உடனே வருவதில்லை. உண்மையிலேயே குடும்பத்தில் இறங்குவதற்கு மட்டும், உதாரணமாக மேரி கிளெயர் கிங் 1990இல் 17ஆம் நிறமூர்த்தத்தில் இடம் காட்டிய மார்பகப் புற்றுநோய் மரபணு போன்றவற்றுக்கு, 'பரம்பரைப் புற்றுநோய்' என்று துணிந்து எழுதலாம். அங்கே மறைத்தால்தான் பிழை.

சரி, இனி நீர் கேட்ட சொல். இங்கே நிலைமை தலைகீழ். வைன்ஷில்பௌம் மேயோ கிளினிக்கில் பார்த்தது புற்றுநோய்க் கலத்தையல்ல, மனிதரை. மேர்கப்டோபியூரின் என்ற குளிசை 1950களிலிருந்து சிறுவர் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அதை உடலில் செயலிழக்கச் செய்யும் நொதியங்களில் (என்சைம்களில்) ஒன்று தயோபியூரின் மெத்தைல் டிரான்ஸ்பெரேஸ். 1980இல் அவரும் சகாவும் 298 பேரின் செங்குழியங்களில் அந்த நொதியத்தை அளந்தார்கள். பெரும்பாலானோருக்குக் கூடுதலாக இருந்தது, ஏறத்தாழ 11 வீதமானோருக்கு இடைநடு, ஒரே ஒருவருக்கு அளக்கக்கூடிய அளவில் இல்லவே இல்லை. அப்படி இல்லாத ஒரு பிள்ளைக்கு எல்லோருக்கும் கொடுக்கும் அளவைக் கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி என்புமச்சை செயலிழந்துபோகும், பத்தில் ஒரு பங்கு அளவே அந்தப் பிள்ளைக்குக் காணும். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தது, அச்சொட்டான மரபு. அதனால் இங்கே 'மரபியல்' இருக்கத்தான் வேண்டும்.

கட்டுரையில் இன்னொன்றையும் சேரும் தம்பி. 2014இல் கொரிய நோயாளரிடம் என்.யூ.டி.டி.15 என்ற வேறொரு மரபணுவின் திரிபு இதே ஆபத்தைத் தருவதாகக் கண்டார்கள். தெற்காசியரான எங்களிடமும் அந்தத் திரிபுதான் முக்கியம். வெள்ளையரில் அளந்ததை மட்டும் எழுதி நிறுத்தினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அரைவாசிக் கதைதான் போய்ச் சேரும்.

வந்த சொற்களைப் பார்ப்போம்.

> மரபுசார் மருந்தியல்

இது வேண்டாம். எங்கள் ஊரில் மரபு மருந்து என்றால் பரம்பரை வைத்தியர் கட்டிக் கொடுக்கும் சூரணம். கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் தங்கள் பாடம் என்று நினைத்து இதைத் திறப்பார்கள்.

> மருந்தேற்பு மரபியல்

அக்கா தந்தது. 'உடம்பு ஏற்காது' என்று சனம் சொல்வதிலிருந்து எடுத்திருக்கிறா, அந்த வழி எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரி விடுதியில் 'மருந்து ஏற்றுதல்' என்றால் நாளத்தில் கீமோ ஏற்றுவது. மருந்தேற்பு, மருந்தேற்றல் இரண்டும் ஒரே தாளில் வந்தால் களைத்துப்போயிருக்கும் ஒருவர் மாறி வாசிப்பார்.

> பார்மகோஜெனட்டிக்ஸ் என்றே விடலாம், கிறீன் வைத்தியரே 'கெமிஸ்தம்' என்று விட்டவர்தானே

விட்டவர்தான், யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1875இல் தன் இரசாயன நூலுக்கு. ஆனால் அதே கிறீன் சத்திரசிகிச்சை நூலுக்கு இரணவைத்தியம் என்று பெயர் வைத்தார். தமிழில் கிடைக்காத இடத்தில்தான் ஒலியை எடுத்தார். மானிப்பாயில் பிள்ளைகளுக்குத் தமிழில் மருத்துவம் படிப்பித்த ஒரு மனிதரைத் தேடாமல் விடுவதற்குச் சாட்சியாக அழைக்க எனக்கு மனம் வராது.

என் தெரிவு: மருந்துத் துலங்கல் மரபியல். துலங்கல் என்றால் ஒரு தூண்டலுக்கு உடல் காட்டும் பதில். தூண்டல், துலங்கல் இரண்டையும் இங்கே விஞ்ஞானம் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், புதிதாக ஒன்றையும் பாடமாக்கத் தேவையில்லை. 1959இல் பிரீட்ரிக் வோகல் ஜெர்மன் மொழியில் அந்தப் பெயரை உண்டாக்கியபோது கையில் இருந்தவை எல்லாம் துலங்கல் வேறுபாடுகள்தான்: மலேரியாவுக்குப் பிரிமாகுயின் குடித்தவர்களில் சிலருக்கு மட்டும் செங்குழியங்கள் உடைந்தன, மயக்க மருந்தோடு தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெதோனியத்தின் வேலை சிலருக்கு மட்டும் நிமிடங்களில் தெளியாமல் நீண்டுபோனது. ஒவ்வாமை என்று இவற்றைச் சொல்ல முடியாது, அது வேறு பொறிமுறை. துலங்கல் என்றால் கூடிய துலங்கல், குறைந்த துலங்கல், தீய துலங்கல் எல்லாம் அதற்குள் அடங்கும். சொல் நீளம் என்று அண்ணை சொல்வார். நீளம்தான், ஆனாலும் முதல் வாசிப்பிலேயே விளங்குகிறது.

தென்னிந்திய நண்பர்கள் துலங்கல் அங்கே புழக்கத்தில் இருக்கிறதா என்று சொல்லுங்கள், நொதியம், நிறமூர்த்தம் போல இதுவும் கடலோடு நின்றுவிடக் கூடாது. முழு மரபணுத்தொகையையும் வைத்து இதே கேள்வியைக் கேட்கும் பார்மகோஜெனொமிக்ஸ் துறைக்கு 'மருந்துத் துலங்கல் மரபணுத்தொகையியல்' என்று போட்டுப் பார்த்தேன், வாய்க்குள் அடங்கவில்லை. அதற்கு வேறு யோசனை உள்ளவர்கள் தனி இழையில் எழுதுங்கள். தம்பி, நீர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முதற் கட்டுரையின் தலைப்பை மட்டும் அச்சுக்குப் போக முதல் மாற்றிவிடும்.