ஏசூஸ் டி100டிஏ டேப்லெட்டில் லினக்ஸ்: பென்டிரைவ் பூட் ஆகவில்லை, பழைய தீர்வுகளில் எவை இன்னும் தேவை?

தேன்சிட்டு:

மெஷின் ஏசூஸ் டி100டிஏ. ஆட்டம் இசட்3740 சிப், 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி (பலகையிலேயே பதித்த சேமிப்பு), கழற்றி மாட்டும் விசைப்பலகை. இப்போது இருப்பது 32 பிட் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும், 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே லினக்ஸ்தான். பிடிஎஃப் படிக்க, இணையம் பார்க்க, கொஞ்சம் யூடியூப், லிப்ரே ஆபிஸில் தமிழ்த் தட்டச்சு, இவ்வளவுதான் தேவை.

உபுண்டு 64 பிட் படிமத்தைப் பென்டிரைவில் எழுதி, விசைப்பலகையில் உள்ள யூஎஸ்பி போர்ட்டில் செருகி, எஸ்கேப் அழுத்திப் பார்த்தால் பூட் பட்டியலில் பென்டிரைவே வரவில்லை. செக்யூர் பூட் அணைத்தாயிற்று. இணையத்தில் 2014, 2015 வாக்கில் எழுதிய வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன: சிஸ்டேட் (சிப் எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்ற அமைப்பு) வரி சேர், வைஃபைக்கு என்விராம் கோப்பை நகலெடு, கர்னலை (லினக்ஸின் மையக்கருவை) நீயே கம்பைல் செய் என்கிறார்கள். இதில் எதெல்லாம் இன்றைக்கும் செய்ய வேண்டும்? விண்டோஸை முழுதாக அழிக்கலாமா?

கரிசல்காரர்:

முதலில் பூட் சிக்கல். சிப் 64 பிட், ஆனால் ஏசூஸ் அதில் வைத்திருக்கும் யூஇஎஃப்ஐ, அதாவது மெஷினைத் தொடக்கும் ஃபர்ம்வேர், 32 பிட். 32 பிட் ஃபர்ம்வேர் பென்டிரைவின் இஎஃப்ஐ/பூட் அடைவில் ‘பூட்ஐஏ32.இஎஃப்ஐ’ என்ற கோப்பை மட்டுமே தேடும். உபுண்டு படிமத்தில் இருப்பது ‘பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’. அதை இந்த ஃபர்ம்வேரால் இயக்க முடியாது, அதனால் பென்டிரைவையே பட்டியலில் காட்டவில்லை. பழைய பயாஸ் முறையும் இதில் இல்லை, அந்த வழியிலும் போக முடியாது.

32 பிட் ஃபர்ம்வேரிலிருந்து 64 பிட் கர்னலைத் தொடங்கும் வசதி லினக்ஸ் 3.15-இலேயே, அதாவது 2014-இலேயே வந்துவிட்டது. குறையாக இருந்தது பூட்லோடர் மட்டும்தான். டெபியன் 12 முதல் 64 பிட் நிறுவல் படிமத்திலேயே 32 பிட் பூட்லோடரும் சேர்ந்து வருகிறது. அந்த ஒரு கோப்பை மட்டும் எங்கிருந்தோ எடுத்து உபுண்டு பென்டிரைவில் ஒட்டுவது பல வழிகாட்டிகளில் இருக்கிறது. பென்டிரைவ் பூட் ஆகும், ஆனால் நிறுவி முடிந்ததும் 64 பிட் க்ரப் பூட்லோடரை எழுதிவிட்டுப் போய்விடும், மறுபடி கறுப்புத் திரை. வேண்டாம்.

டெபியனில் லைவ் படிமத்தை எடுக்காமல் ‘நெட்இன்ஸ்ட்’ படிமத்தை (மீதியை இணையத்திலிருந்து இறக்கும் சிறு படிமம்) எடுங்கள். அதன் நிறுவி, ஃபர்ம்வேர் 32 பிட் என்று கண்டறிந்து க்ரப்-இஎஃப்ஐ-ஐஏ32 பொதியைத் தானாகவே போடும். விண்டோஸில் ரூஃபஸ் வைத்து எழுதினால் கடைசியில் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும்போது டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். நிறுவும்போது வைஃபை வராவிட்டால் ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்தால் போதும். விசைப்பலகையில் ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட் என்பதால் சின்ன ஹப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பகிர்வுத் திரையில் வட்டு ‘எம்எம்சிபிளாக்0’ என்று தெரியும். அதன் பெயரோடு ‘பூட்0’, ‘பூட்1’ என்று சில மெகாபைட்டில் குட்டி வட்டுகள் தெரிந்தால் அவற்றைத் தொடாதீர்கள், அவை இஎம்எம்சியின் உள் பகுதிகள். ரூட்டுக்கு எக்ஸ்ட்4 போதும், மவுன்ட் விருப்பத்தில் ‘நோஏடைம்’ சேருங்கள். ஸ்வாப் பகிர்வு (ரேம் நிரம்பும்போது துணைக்கு எடுக்கும் வட்டு இடம்) போடாதீர்கள். 2 ஜிபி ரேம் மெஷினில் இஎம்எம்சி மீது ஸ்வாப் ஓடினால் வேகமும் போகும், சிப்பின் ஆயுளும் குறையும். அதற்குப் பதில் என்ன என்று கீழே சொல்கிறேன்.

நிறுவி முடித்த பிறகும் நேராக பயாஸ் திரைக்கே போனால் பதற வேண்டாம். இந்த வகை ஃபர்ம்வேர்களில் சில, புதிய பூட் பதிவை மறந்துவிடும். பென்டிரைவில் உள்ள மீட்பு முறையில் நுழைந்து, க்ரப்-இஎஃப்ஐ-ஐஏ32 பொதியை டிபிகேஜி-ரீகன்ஃபிகர் கொண்டு மறுபடி அமையுங்கள். ‘நீக்கக்கூடிய ஊடகப் பாதையிலும் கட்டாயமாக நிறுவவா’ என்று ஒரு கேள்வி வரும், ஆம் என்று சொல்லுங்கள். பூட்லோடர் பூட்ஐஏ32.இஎஃப்ஐ என்ற பெயரிலும் எழுதப்படும். பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபர்ம்வேர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

உறைதல் விஷயம். ‘இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1’ என்ற வரி ஒரு காலத்தில் கட்டாயம். பே டிரெயில் (இந்த ஆட்டம் சிப்பின் குடும்பம்) மெஷின்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மொத்தமாக உறைந்துபோகும் சிக்கல் அது, கர்னல் பிழைப் பட்டியலில் எண் 109051. மின் மேலாண்மைச் சிப்போடு பேசும் ஐ2சி தடத்தைக் கர்னலும் பயன்படுத்துகிறது, சிப்புக்குள் மின்சாரத்தைக் கவனிக்கும் பி-யூனிட்டும் பயன்படுத்துகிறது. கர்னல் அந்தத் தடத்தைப் பிடித்திருக்கும் நேரத்தில் சிப் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போக முயன்றால் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கர்னல் இப்போது அந்தத் தடத்தைப் பிடிக்கும் முன் ஆழ்ந்த உறக்கத்தைத் தடுத்துவிடுகிறது. டெபியன் 12-இல் 6.1, டெபியன் 13-இல் 6.12 கர்னல். இவற்றில் அந்த வரியைச் சேர்க்காமலே தொடங்குங்கள். சேர்த்தால் சிப் ஒருபோதும் ஆழ்ந்து உறங்காது. பேட்டரி கண்கூடாகச் சீக்கிரம் தீரும், பின்பக்கம் சுடும். உண்மையிலேயே உறைந்தால் மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

என் கருத்து இதுதான்: பழைய வழிகாட்டியில் உள்ளதை வரிசையாகச் செய்யாதீர்கள். முதலில் புதிய கர்னலை அப்படியே ஓட விடுங்கள். எது வேலை செய்யவில்லையோ அதற்கு மட்டும் மருந்து.

மணல்மேடு:

கரிசல்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: விண்டோஸை அழிக்கும் முன் அதிலிருந்து சிலவற்றை எடுத்து வைக்க வேண்டும், அழித்த பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும்.

புளூடூத்துக்கான கோப்பு முதலாவது. இந்த மாடலில் உள்ள பிராட்காம் சிப்புக்கான புளூடூத் ஃபர்ம்வேர் லினக்ஸ் பொதிகளில் வருவதில்லை. விண்டோஸ் அடைவுக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ் என்று போய், ‘பிசிஎம்4324பி3’ என்று தொடங்கும் ஹெக்ஸ் கோப்பை எடுத்து வையுங்கள். லினக்ஸில் ‘ஹெக்ஸ்2எச்சிடி’ என்ற கருவியால் அதை எச்சிடி வடிவுக்கு மாற்றி, ஃபர்ம்வேர் அடைவில் பிஆர்சிஎம் என்ற உள் அடைவில் ‘பிசிஎம்4324பி3.எச்சிடி’ என்ற பெயரில் வைத்து மறுதொடக்கம் செய்யுங்கள். பெயர் ஓர் எழுத்து மாறினாலும் டிரைவர் எடுக்காது. எந்தப் பெயரைத் தேடுகிறது என்பது டிமெஸ்ஜி என்ற கர்னல் பதிவில் தெளிவாக வரும், அதைப் பார்த்தே பெயரிடுங்கள்.

இரண்டாவது, மீட்பு பென்டிரைவ். 16 ஜிபியில் விண்டோஸின் மீட்பு வட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள். பயாஸ் மேம்பாடு போன்றவற்றுக்கு என்றாவது தேவைப்படலாம்.

மூன்றாவது, விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போட நினைப்பவர்களுக்கு. இந்த டேப்லெட்டுகளில் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகக் குறியாக்கம் ஆகியிருக்கும். செக்யூர் பூட்டை அணைத்த மறுகணமே விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதை முன்பே கணக்கிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள், அல்லது குறியாக்கத்தை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஆனால் 32 ஜிபியில் இரண்டையும் வைப்பது வீண் வேலை என்றே சொல்வேன்.

வைஃபைக்கு வருவோம். பிராட்காம் எஸ்டிஐஓ சிப்புக்கு ஃபர்ம்வேரோடு, அந்தப் பலகைக்கே உரிய அளவுத்திருத்த விவரங்கள் கொண்ட என்விராம் தரவும் வேண்டும். டி100டிஏ-வில் அது யூஇஎஃப்ஐ மாறிகளில் ஒன்றாக உள்ளே இருக்கிறது. இப்போதைய டிரைவர் அதைத் தானே படித்துக்கொள்ளும், நீங்கள் ஃபர்ம்வேர்-பிஆர்சிஎம்80211 பொதியை நிறுவினால் போதும். பழைய வழிகாட்டியின்படி கையால் நகலெடுத்தவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். யூஇஎஃப்ஐ மாறிக் கோப்பின் முதல் 4 பைட்டுகள் தரவு அல்ல, அதன் பண்புக்கொடி. அவற்றை வெட்டிவிட்டே சேமிக்க வேண்டும். அடுத்து, உள்ளே ‘சிகோட்=ஏஎல்எல்’ என்றிருக்கும், அதை ‘எக்ஸ்2’ என்று மாற்ற வேண்டும். கர்னல் தானாகப் படிக்கும்போது இரண்டையும் தானே பார்த்துக்கொள்கிறது, அதனால் கையால் வைத்த பழைய கோப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இணைப்பு அடிக்கடி அறுந்தால் நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ மதிப்பை 2 ஆக்குங்கள். 2 என்றால் மின் சேமிப்பு அணைக்கப்படும், 3 என்றால் இயங்கும்.

ஒலிக்கு ஃபர்ம்வேர்-இன்டெல்-சவுண்ட் பொதியும் ஆல்சா-யூசிஎம்-கான்ஃப் பொதியும் வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் ஒலி அட்டையே தெரியாது, இரண்டாவது இல்லாவிட்டால் அட்டை தெரிந்தும் சத்தம் வராது. இரண்டும் இருந்தும் அமைதி என்றால் வெளியீடு எச்டிஎம்ஐ-க்குப் போய்க்கொண்டிருக்கும், ஒலி அமைப்பில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். ஆல்சாமிக்சரில் நூற்றுக்கணக்கில் தெரியும் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம், யூசிஎம் போட்ட வரிசை கலைந்துவிடும்.

கேமராவை நம்ப வேண்டாம்.

தேன்சிட்டு:

மிக்க நன்றி இருவருக்கும். டெபியன் 13 நெட்இன்ஸ்ட் எடுத்தவுடனே பட்டியலில் பென்டிரைவ் வந்துவிட்டது. நிறுவியாயிற்று, வைஃபை எதுவும் செய்யாமலே வேலை செய்கிறது. சிஸ்டேட் வரி சேர்க்கவில்லை, இதுவரை உறையவில்லை.

மூன்று கேள்விகள் மிச்சம். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்டிருக்கிறேன், டேப்லெட்டைத் திருப்பினால் திரை திரும்பவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் நாலைந்து தாவல் திறந்தால் மெஷினே நின்றுபோகிறது. யூடியூப் 720-இல் தடுமாறுகிறது.

கரிசல்காரர்:

நின்றுபோவது உறைதல் அல்ல, ரேம் தீர்ந்துபோவது. கொஞ்ச நேரம் காத்திருந்து சுட்டி அசைந்தால் ரேம் பற்றாக்குறை, எவ்வளவு நேரமானாலும் அசையாவிட்டால்தான் அந்தப் பழைய உறைதல். ஜிராம்-டூல்ஸ் (ரேமுக்குள்ளேயே சுருக்கிய ஸ்வாப் அமைக்கும்) பொதியை நிறுவி, ஈடிசி/டிஃபால்ட் அடைவில் ஜிராம்ஸ்வாப் கோப்பைத் திறந்து அல்கோ என்ற இடத்தில் எல்இசட்4, பர்சன்ட் என்ற இடத்தில் 100 என்று வையுங்கள். ஜிஸ்டாண்டர்ட் இன்னும் அதிகமாகச் சுருக்கும், ஆனால் ஆட்டம் சிப்புக்கு எல்இசட்4-தான் இலகு. கூடவே சிஸ்கண்ட்ரோலில் ‘விஎம்.ஸ்வாப்பினெஸ்’ 150, ‘விஎம்.பேஜ்-கிளஸ்டர்’ 0. ஸ்வாப் ரேமுக்குள்ளேயே இருப்பதால் ஸ்வாப்பினெஸ்ஸை 100-க்கு மேல் ஏற்றுவதில் தவறில்லை. எர்லிஊம் பொதியையும் போடுங்கள். ரேம் முற்றிலும் தீரும் முன்பே அது ஒரு தாவலை மூடிவிடும், மெஷின் உங்கள் கையில் இருக்கும்.

யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவில் அனுப்புகிறது. இந்த கிராஃபிக்ஸ் அவற்றை வன்பொருளில் விரிக்காது, எல்லாம் சிபியு தலையில் விழுகிறது. எச்.264-ஐ மட்டும் விரிக்கும். ஐ965-விஏ-டிரைவர் பொதியை நிறுவி, ஃபயர்ஃபாக்ஸில் எச்264இஃபை நீட்சியைச் சேருங்கள். புதிய இன்டெல் டிரைவரான ஐஎச்டி இந்தத் தலைமுறை சிப்புக்கு ஆதரவு தராது, அதைப் போட்டுவிட்டு ‘வன்பொருள் விரிப்பு இல்லை’ என்று குழம்புகிறவர்கள் நிறைய.

திரை திரும்புவது: எக்ஸ்எஃப்சிஇ அதைத் தானாகச் செய்வதில்லை. ஐஐஓ-சென்சார்-பிராக்ஸி நிறுவி, முனையத்தில் ‘மானிட்டர்-சென்சார்’ ஓடவிட்டு டேப்லெட்டைத் திருப்பிப் பாருங்கள். திசை சரியாக வந்தால் உணரி நலம். அதன்பின் எக்ஸ்ரேண்டரில் திரையைத் திருப்பினால் மட்டும் போதாது, தொடுதிரையின் மாற்ற அணியையும் எக்ஸ்இன்புட்டில் கூடவே திருப்ப வேண்டும். இல்லையென்றால் வலப்பக்கம் தொட்டால் மேலே அழுந்தும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் சிறு ஸ்கிரிப்டுகள் உண்டு. ஆனால் விசைப்பலகையைக் கழற்றி வைத்துத்தான் அதிகம் படிக்கப்போகிறீர்கள் என்றால் குனோம் டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள். ரேம் கூடுதலாகத் தின்னும், ஆனால் சுழற்சியும் திரை விசைப்பலகையும் தொடு சைகைகளும் அதில்தான் ஒழுங்காக இருக்கின்றன. ஜிராம் இருப்பதால் சமாளிக்கும்.

திசை தலைகீழாக வந்தால் உணரியின் பொருத்து அணி தவறு. ஈடிசிக்குள் யூடெவ்/எச்டபிள்யூடிபி.டி அடைவில் ‘61-சென்சார்-லோக்கல்.எச்டபிள்யூடிபி’ என்று கோப்பு வைத்துச் சரிசெய்யலாம். டி100டிஏ-வுக்கு அது ஏற்கெனவே பட்டியலில் உண்டு.

தமிழுக்கு ஐபஸ்-எம்17என் நிறுவி, உள்ளீட்டு முறைகளில் தமிழ்99 அல்லது ஒலிப்பு முறையைச் சேருங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யிலேயே இருந்தால் ஐஎம்-கான்ஃபிக் மூலம் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

உப்பங்கழி:

இதே சிப் குடும்பத்தில் 8 அங்குல டேப்லெட் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். பூட் விஷயம் அப்படியே பொருந்தும், வேறு மூன்று வித்தியாசங்கள் உண்டு.

ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி போர்ட்தான் இருக்கும். ஓடிஜி கேபிள் செருகினால் டேப்லெட் மின்சாரம் வாங்குவதை விட்டு வெளியே கொடுக்கத் தொடங்கிவிடும். முழுதாகச் சார்ஜ் செய்து, ஒளியைக் குறைத்து, தனி மின்சாரம் உள்ள ஹப்பில் விசைப்பலகையும் பென்டிரைவும் செருகித் தொடங்குங்கள். நிறுவும் நடுவில் பேட்டரி தீர்ந்தால் பாதி எழுதிய வட்டுதான் மிஞ்சும்.

இரண்டாவது, திரை உடலிலேயே நெடுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும், நிறுவி பக்கவாட்டில் தெரியும். கர்னல் வரியில் ‘எஃப்பிகான்=ரொட்டேட்:1’ சேர்த்தால் எழுத்துத் திரை நிமிரும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் 3.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி. பெயர் தெரியாத மலிவு மாடல்களில் சைலீட் தொடுதிரை இருக்கும். டிமெஸ்ஜி பதிவில் ‘எம்எஸ்எஸ்எல்1680.எஃப்டபிள்யூ’ கிடைக்கவில்லை, பிழை -2 என்று வந்தால் அதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் ஃபர்ம்வேர் வேறு, திரை அளவும் அச்சுத் திசையும் கர்னலின் டிஎம்ஐ (மாடல் அடையாள) பட்டியலில் இருக்க வேண்டும். சில மாடல்களில் யூஇஎஃப்ஐ-க்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேரைக் கர்னலே எடுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு விண்டோஸின் சைலீட் டிரைவர் கோப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். ஆகவே மணல்மேடு சொன்ன பட்டியலில் அந்த டிரைவர் கோப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாடலின் ஃபர்ம்வேரைப் போட்டால் தொடுதல் வேலை செய்வதுபோலத் தெரியும், ஆனால் விரல் ஒரு இடம், அழுந்துவது வேறு இடம்.

விண்டோஸிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் 22எச்2 பதிப்புக்குப் போய், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். இடம் போதாமல் மேம்பாடு தோற்றால் நிர்வாகி முனையத்தில் ‘காம்பாக்ட்’ கட்டளையை ‘காம்பாக்ட்ஓஎஸ்:ஆல்வேஸ்’ என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள், ஒன்றிரண்டு ஜிபி மீளும். மேம்பாட்டின்போது காலிப் பென்டிரைவைச் செருகி வைத்தால் தற்காலிகக் கோப்புகளுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

இன்னொன்று, எல்லோருக்கும்: இந்த மெஷின்களில் எஸ்3 உறக்கம் (ரேம் தவிர மற்றதெல்லாம் அணையும் ஆழ்ந்த உறக்கம்) கிடையாது, எஸ்2ஐடில் என்ற மேலோட்டமான உறக்கம் மட்டும்தான். மூடி வைத்தாலும் பேட்டரி மெல்ல வடிந்துகொண்டே இருக்கும். இரவு முழுக்கத் தொடப்போவதில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.