கட்டைவிரல் எங்கே இருக்கு?

பெரம்பூர் ஓ.டி. (தொழில்வழி சிகிச்சையாளர்):
ஆறு மாசக் குழந்தை எதைக் கொடுத்தாலும் இடது கையாலதான் வாங்குது, "அவங்க தாத்தா மாதிரி இடக்கைப் பழக்கம்"னு சொல்லிக்கிட்டு வர்ற குடும்பம் வாரத்துக்கு ஒண்ணாவது இருக்கும். ஒரு வயசுக்குள்ள கைப் பழக்கம் வர்றது இயல்பு இல்லை. எந்தக் கை முந்துதுன்னு ரசிக்காதீங்க, எந்தக் கை வரலைன்னு பாருங்க.

வராத கையோட கட்டைவிரல் எங்கே இருக்கு? 4 மாசம் தாண்டியும் அது உள்ளங்கைக்குள்ள மடிஞ்சு, மத்த நாலு விரலும் மேல மூடியே கிடந்தா பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால கைகால் அசைவு சரியா வராத நிலை) இருக்குமோன்னு பரிசோதிச்சே ஆகணும். விரலை மெதுவாப் பிரிச்சா ரேகை இடுக்குல நூல் திரி, காஞ்ச பால், புளிச்ச வாடை. தோல் ஊறி வெளுத்திருக்கும். இன்னொரு கை சுத்தமா இருக்கும். டாக்டருக்கு முன்னாடி இதைக் கவனிக்கிறது பெரும்பாலும் குளிப்பாட்டுற பாட்டிதான். ஆனா "எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்"னு அவங்களே ரெண்டு மாசத்தை ஓட்டிடுவாங்க. கீறிக்கக் கூடாதுன்னு நாள் முழுக்க கையுறை மாட்டி வெச்சிருந்தா பாட்டி கண்ணுக்கும் தப்பிடும்.

தாம்பரம் பிசியோ:
ஓ.டி. மேடம் சொன்னது சரி. ஆனா சோதிக்கிற முறையில ஒரு சின்னத் தப்பு நடந்தாக்கூட நல்ல கை முடங்கின மாதிரித் தெரியும். முதல்ல ரெண்டு மணிக்கட்டுலயும் இருக்கிற வசம்பு வளையல், கருப்பு வளையலைக் கழட்டுங்க. குழந்தை பொம்மையை விட்டுட்டு அதைத்தான் சப்பும். அடுத்தது மடி. அம்மா குழந்தையை ஒரு பக்கமா அணைச்சு உட்கார்ந்தா அந்தப் பக்கத்துக் கை அவங்க வயித்துல மாட்டிக்கும். உடம்பு நேரா, முதுகுக்குத் தாங்கல் இருக்கணும்.

பொம்மை பெரியவங்க விரல் தடிமனுக்கு மேல வேண்டாம். குண்டு கிலுகிலுப்பையைச் சின்னக் கையால பிடிக்க முடியாது. மார்புக்கு நேரே நடுவுல ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை. கொடுக்கிறவர் வலக்கைக்காரர்னா தன்னையறியாம எப்பவும் ஒரே பக்கம் நீட்டுவார், இதுதான் அதிகம் நடக்கிற பிழை. 3 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கான ஹெச்.ஏ.ஐ. (கைகள் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கிற) மதிப்பீடே 10–15 நிமிஷ விளையாட்டுதான். வீடியோ எடுத்து, ஒவ்வொரு கைக்கும் தனித்தனியா, அப்புறம் ரெண்டும் சேர்ந்து செய்யறதுக்குன்னு மதிப்பெண் போடுவாங்க. போட அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க வேணும்.

விரல்நுனியால எடுக்குதான்னு 10 மாசத்துல பார்க்கப் பொரி வைங்க. பொட்டுக்கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில போய் அடைச்சுக்கும்.

குழந்தை நரம்பியல், எழும்பூர்:
கை மூடிக் கிடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து (பிறந்த தேதி அல்ல) கணக்கிட்டு 9 முதல் 20 வாரத்துக்குள், கழுத்து, உடல், கைகால் எல்லாத் திசையிலும் நெளியும் சிறு அசைவுகள் ஆரோக்கியமான குழந்தையிடம் தெரியும். அவை இல்லாவிட்டால் பெருமூளை வாத ஆபத்து அதிகம். 12 வாரத்தில் தெரியாவிட்டால் மறுபடி வீடியோ எடுக்கச் சொல்வோம்.

வீடியோ 3 நிமிடம் போதும். பூப்போடாத விரிப்பு, டயப்பர் மட்டும், மல்லாக்கப் படுத்த நிலை, முழு உடலும் திரைக்குள். அழுகை, விக்கல், வாயில் சூப்பான் இருந்தால் பயனில்லை. அம்மா முகம் காட்டிக் கொஞ்சினாலும் குழந்தை உற்றுப் பார்த்து அசைவை நிறுத்திவிடும். வருகிற வீடியோக்களில் பாதி இப்படித்தான் வீணாகின்றன.

குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 5 மாதம் என்றால் கணக்குக்கு 3 மாதம்தான். இதை மறந்தால் வீணாகப் பயமுறுத்துவோம். நேர்மாறாக, பிறந்ததும் அழுதது, எடை சரி என்பதற்காக யாரையும் விட்டுவிடவும் கூடாது.

ஹைன் (கைக்குழந்தைகளுக்கான ஹேமர்ஸ்மித் நரம்பியல்) பரிசோதனையில் 26 கூறுகள், மொத்தம் 78 மதிப்பெண். ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் கூட்டுத்தொகை பெரிதாக விழாது. வலது இடது வேறுபாடுகளைத் தனியே எண்ணாதவர்கள் இந்தக் குழந்தைகளைத்தான் தவறவிடுகிறார்கள்.

தாம்பரம் பிசியோ:
சார், ஒரு சேர்க்கை. பிறந்த அன்னைக்கே கை துவண்டு தொங்கினா, அது தோள் நரம்பு இழுபட்ட எர்ப்ஸ் பால்சியா இருக்கலாம். திடுக்கிடும்போது அந்தப் பக்கம் கை விரியாது. பெருமூளை வாதக் கை முதல்ல சாதாரணமாத் தெரிஞ்சு, 3, 4 மாசத்துலதான் மெல்ல இறுக ஆரம்பிக்கும்.

பெரம்பூர் ஓ.டி.:
கொஞ்சம் பெரிய குழந்தைங்க பத்தியும் சொல்லிடறேன். 4 வயசுக்கு மேல மேக்ஸ் (தினசரி வேலையில கையை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு பிரிக்கிற அளவுகோல்), 5 நிலை. கிளினிக்கில எவ்வளவு நல்லாச் செஞ்சாங்கன்னு பார்த்துப் போடாதீங்க, வீட்டுல தினமும் என்ன நடக்குதுன்னு கேட்டுப் போடுங்க. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க ரெண்டு கை வேணும். ஒரு கை பாக்ஸைப் பிடிக்காம, பிள்ளை பாக்ஸைத் தொடை இடுக்குல வெச்சுத் திறந்தா, அந்தக் கை உதவிக் கையாக்கூட வேலை செய்யலைன்னு அர்த்தம். வலது கை பாதிச்ச பிள்ளை இடக்கையால சாப்பிட்டா "சோத்துக் கையால சாப்பிடு"ன்னு அடிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்துங்க.

சிகிச்சைக்கு ஒரு எச்சரிக்கை. நல்ல கையைக் கட்டிப் போட்டா மத்தது வந்துடும்னு யாரோ சொல்லி, துணியால நாள் முழுக்கக் கட்டிடறாங்க. ஒரு வயசுக்குள்ள செய்யற முறையே வேற: மெத்தென்ற கையுறை, நாளைக்கு 30 நிமிஷம், வாரம் 6 நாள், 6 வாரம். இடைவெளி விட்டு இன்னொரு 6 வாரம். அந்த அரை மணியும் விளையாட்டுதான், குழந்தை அழுதா அன்னைக்கு அதோட நிறுத்திடணும்.

அரசு மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துல இலவசமாப் பார்ப்பாங்க, 18 வயசு வரைக்கும். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, தலை ஸ்கேன், போன்ல இருக்கிற பழைய வீடியோ மூணும் கொண்டு போங்க. முதல் தடவை உப்பு பிஸ்கட்டைக் கையில பிடிச்ச வீடியோவை அழிச்சுடாதீங்க, அதுல மத்தக் கை என்ன பண்ணிட்டிருந்ததுன்னு தெரியும்.