பொய்க்காலோடு கோயில் வீதிக்கு வருவது: வன்னி ஆக்களின் அனுபவப் பகிர்வு

முள்ளியவளை:

வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். கால் இழந்த ஆக்களில் கனபேர் வெளிவீதியோடு நின்றுவிடுகிறார்கள். கேட்டால் சன நெரிசல், மணல் என்பார்கள். மணல் உண்மையிலேயே கரைச்சல்தான். ஆனால் பெரிய தடை, செருப்புக் கழற்றுகிற இடத்தில் பொய்க்கால் வெளியே தெரிந்துவிடும் என்ற கூச்சம். யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டுவார்கள், யாராவது "என்ன வினையோ" என்பார்கள். 2009இல் முடிந்த போரில் கால் போனவர்களுக்கும் இந்தப் பயம் விட்டுப்போகவில்லை. சீனி வருத்தத்தாலும் (நீரிழிவு) வாகன விபத்தாலும் இப்போது கால் இழக்கிறவர்களுக்கு இன்னும் கூட.

மனம் தேறட்டும், பிறகு வெளியே போகலாம் என்று இருந்தால் வருசங்கள் போய்விடும். முதலில் வெட்டுப்பட்டு மிஞ்சின காலைப் பார்த்து, தொட்டுப் பழக வேண்டும். பொழுதுபட்டதும் பொய்க்காலைக் கழற்றி, மிஞ்சின காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மெல்லிய துவாயால் ஒற்றி, காற்றுப்பட விடுங்கள். காலையில் கழுவிவிட்டு உடனே சொக்கெற்றுக்குள் (மிஞ்சின கால் நுழைகிற பொய்க்காலின் குழிக்குள்) விட்டால் ஈரத்தோல் ஊதி ஒட்டி உரியும், அதனால்தான் இரவில் கழுவச் சொல்வது. கீழ்ப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்துக்குள் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் அந்த இடத்தில் சொக்கெற் அழுத்துகிறது, காட்டித் திருத்த வேண்டும். தோல் உடைந்திருந்தால் ஆறும்வரை ஊன்றுகோல்தான். மஞ்சள் அரைத்துப் பூசி மேலே சொக்ஸ் போடாதீர்கள், காய்ந்து பொருக்காகி உரசும். சீனி வருத்தக்காரருக்கு நோ தெரியாது, அவர்கள் ஒருநாளும் பார்க்காமல் விடக்கூடாது.

கிளிநொச்சி, கால் பொருத்துகிற வேலை:

செருப்புக் கழற்றுவது பற்றிச் சொன்னதால் இதை விளக்கமாகவே எழுதுகிறேன். கோயிலுக்குள் போனதும் "கால் பின்னுக்கு இழுக்குது, முழங்கால் நோகுது" என்று வருகிறவர்கள் அனேகம் பேர். காரணம் பாதத்தின் வகை. சப்பாத்துக்கென்று செய்த பாதமென்றால், சப்பாத்தின் குதி உயரத்தைக் கணக்கில் எடுத்துத்தான் காலை நேர்ப்படுத்தியிருப்போம். அதைக் கழற்றினால் குதி இறங்கி, முழுக்காலும் பின்பக்கம் சாயும், முழங்கால் பின்னுக்குத் தள்ளுப்படும். அரை மணித்தியாலம் அப்படி நின்றால் எவருக்கும் நோகும். இதை அவர்கள் தங்களுடைய பலவீனம் என்று நினைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை.

குதியின் கீழ் சப்பாத்துக் குதியளவு தடிப்பமுள்ள இறப்பர்த் துண்டை வைத்து, மேலே சுத்தமான சொக்ஸ் போட்டால் சரி. அளவை வீட்டில் நின்று பார்த்தே வெட்டுங்கள். ஜெய்ப்பூர் பாதத்துக்கு இந்தக் கரைச்சல் இல்லை. 1968இல் ஜெய்ப்பூரில் வைத்தியர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து அதைச் செய்ததே வெறுங்காலோடு நடக்கிற, குந்துகிற, சம்மணம் கொட்டுகிற, வயல் சேற்றில் இறங்குகிற எங்களைப் போன்ற சனத்துக்காகத்தான். வெளியே இறப்பர், பார்வைக்கும் பாதம் மாதிரியே இருக்கும். கோயில், வயல், கிணத்தடி என்று திரிகிறவர்கள் அளவெடுக்க வரும்போதே அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியாது.

பகலில் மிஞ்சின கால் சுருங்கும். காலையில் ஒரு சொக்ஸோடு இறுக்கமாயிருந்தது பின்னேரம் ஆடும், அப்போது இன்னொன்று போட வேண்டும். மூன்று நான்கு போட்டும் ஆடுகிறதென்றால் சொக்கெற்றையே மாற்றும் காலம் வந்துவிட்டது. பாவனையைப் பொறுத்து மூன்று தொடக்கம் ஐந்து வருசத்தில் முழுக்காலும் மாற்ற வேண்டிவரும்.

மடு வீதி:

எங்கட மடு மாதா தேவாலயப் பக்கத்து ஆக்களுக்கு முழங்காலில் நிற்பதுதான் பிரச்சினை. முழங்காலுக்குக் கீழே போட்ட பொய்க்காலோடு அப்படி முழங்காலில் நின்றால் சொக்கெற்றின் முன்விளிம்பு முழங்கால் சில்லுக்குக் கீழே வெட்டும். நல்ல காலை மட்டும் மடித்து, பொய்க்காலை முன்னே நீட்டி வாங்கின் ஓரத்தில் இருந்தால் போதும். நற்கருணை நேரத்திலும் இருந்தபடி கும்பிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. யூலை 2, ஆகஸ்ட் 15 திருவிழாக்களுக்குக் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள், இரவில் கழற்றின காலை நிலத்தில் விடாமல் தடியில் தொங்கவிடுங்கள். எறும்பும் மண்ணும் உள்ளே போனால் விடிய அவதி.

"மாதா ஏன் எனக்கு இப்படி விட்டா" என்று மனம் வெறுத்துத் தேவாலயப் பக்கமே வராமல் இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்கிறது ஒன்றுதான். மடு மாதாவின் சொரூபமே 2008 ஏப்ரலில் செல்லடிக்கு நடுவே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில்தான் திரும்பியது. எங்களோடு சேர்ந்து அலைந்த தாயிடம் கோபத்தையும் கொண்டு வரலாம்.

ஒட்டுசுட்டான்:

இல்லாத கால் நோகிறது, விரல் முறுக்குகிறது என்பதை வீட்டில் சொல்லவே பயப்படுகிறார்கள். "விசர் என்று நினைப்பினம்", "காத்துக் கறுப்பு என்று பார்வை பார்க்கக் கூட்டிப்போவினம்" என்பார்கள். இது விசருமில்லை, பேயுமில்லை. மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது, கால் இருக்கிற மாதிரியே உணர்வு வந்துகொண்டிருக்கும். கால் இழந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு.

கண்ணாடிப் பயிற்சி சிலருக்கு நல்லாய் உதவுகிறது. 1990களில் இதை முதலில் செய்து காட்டிய நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், தமிழர்தான். நீளமான நிலைக்கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவே நெடுக்காக வையுங்கள், முகப்பு நல்ல கால் பக்கம். மிஞ்சின கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் தெரிகிற காலைப் பார்த்தபடி நல்ல பாதத்தை மெல்ல மடக்கி விரியுங்கள், மனதால் மற்றதையும் சேர்த்து அசையுங்கள். ஒருநாளைக்கு 15 நிமிடம், சில கிழமைகள் விடாமல். தலைசுற்றினால், அழுகை முட்டினால் நிற்பாட்டுங்கள். முதல் தரம் அழுகை வருவது வழமை, பக்கத்தில் யாரேனும் இருப்பது நல்லது.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, சாப்பாட்டில் மனமில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். நேர்த்தியும் வையுங்கள், மருந்தும் எடுங்கள்.

நெடுங்கேணி அக்கா:

வீட்டு ஆக்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேணும். மாமி வீட்டார் பார்க்கக்கூடாதென்று இரவும் பகலும் காலைக் கழற்றாத பிள்ளைகள் இருக்கினம். வியர்வையில் தோல் அவிந்து, புண்ணாகி, பிறகு மாதக்கணக்கில் நடக்கவே முடியாமல் போகும். கலியாணம் பேசும்போதே காலைக் கழற்றிக் காட்டிப் பேசுவதுதான் நல்லது தங்கச்சிமார். மறைத்துக் கட்டினால் அந்த மறைப்பைக் காலம் முழுக்கச் சுமக்க வேணும்.

மனுசனோ மனுசியோ செய்யக்கூடிய பெரிய உதவி, மிஞ்சின காலைத் தடவிக் கொடுப்பது. முதலில் பஞ்சு, பழகினபிறகு பருத்தித் துணி, கடைசியாகத் துவாய், ஒவ்வொரு தரமும் ஐந்து நிமிடம். தோலின் கூச்சம் இப்படித்தான் குறையும், புருசன் பெண்சாதிக்குள் இருக்கிற கூச்சமும் கூடவே குறையும். முழங்காலுக்குக் கீழே தலகாணி மட்டும் வைக்காதேங்கோ. சொகமாய்த்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடிந்தபடி இறுகினால் பிறகு பொய்க்கால் பொருந்தாது. கட்டிலோடு ஊன்றுகோல் இருக்க வேணும். பாதி நித்திரையில் கால் இருக்கிற நினைப்பில் எழும்பி விழுகிற ஆக்கள் கனபேர்.

பிள்ளையள் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கோ. காலைத் தூக்கிப் பார்க்க விடுங்கோ.

கனகராயன்குளம்:

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற ஆக்களுக்கு. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத்தண்ணியில் விளக்கெரியத் தொடங்கினால் பொங்கலுக்கு ஒரு கிழமை கையில் இருக்கிறது. அந்தக் கிழமையில் மணலில் நடந்து பழகுங்கள், முதல்நாள் கால் மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி. புதுச் சொக்கெற்றை அந்தக் கிழமையில் தொடங்கவே வேண்டாம். பைக்குள் காய்ந்த சொக்ஸ் இரண்டு, சின்னத் துவாய், தண்ணிப் போத்தல். மணல் உள்ளே போகாமல் சொக்கெற்றுக்கு மேலால் தொடைவரை ஒரு நீளச் சொக்ஸ். பாற்செம்பு, காவடி எடுக்கிறவர்கள் அந்தப் பாரமும் சொக்கெற்றில்தான் இறங்கும் என்பதை நினைத்து, இடையில் இருந்து எழும்புங்கள். அங்கப்பிரதட்சணைக்குக் காலைக் கழற்றிக் கூட வருகிறவரிடம் கொடுங்கள். உருண்டு முடிந்ததும் ஈரத்துணியால் மணலைத் துடைத்து, நன்றாய்க் காயவிட்டு, பிறகு மாட்டுங்கள். உள்ளே கதிரை வைக்கச் சொல்லிக் கோயில் ஆக்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.