ஆங்கிலப் பாசிவ் வொய்ஸில் (செயப்பாட்டு வினையில்) 'பை' (by) எங்கே போடுவது, எங்கே விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடிப் பொடியன்:
வணக்கம். மாமா மட்டக்களப்பு, கல்லடியில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். வருகிற வெளிநாட்டுக்காரருக்கு ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி மாட்டச் சொன்னார், எழுதி மாட்டினேன். போன கிழமை தங்கிய ஒரு அவுஸ்திரேலிய டீச்சர் அதில் பென்சிலால் திருத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் அன்றைக்கு ஊரில் இல்லை, கேட்கக் கிடைக்கவில்லை. திருத்தியது இப்படி:

"த டச் ஃபோர்ட் வாஸ் பில்ட் பை த போர்ச்சுகீஸ் இன் 1628." இதில் கை வைக்கவே இல்லை.
"த ஓல்ட் கல்லடி பிரிட்ஜ் வாஸ் பில்ட் பை பீப்பிள் இன் 1924." 'பை பீப்பிள்' வெட்டு.
"த சிங்கிங் ஃபிஷ் கேன் பி ஹேர்ட் பை யூ ஆன் ஃபுல் மூன் நைட்ஸ்." 'பை யூ' வெட்டு.
"த லைட்ஹவுஸ் வாஸ் பில்ட் பை 1913." 'பை' வெட்டி 'இன்'.
"அவர் கிராப் கறி இஸ் குக்ட் பை கோகனட் மில்க்." 'பை' வெட்டி 'வித்'.
"எ பிக் சுனாமி வாஸ் ஹாப்பண்ட் இன் 2004." 'வாஸ்' வெட்டு.

ஆக்டிவைப் பாசிவாக மாற்றும்போது எழுவாயைத் தூக்கி 'பை' போட்டுக் கடைசியில் வை என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்? அப்படியென்றால் கோட்டைக்கு விட்டதைப் பாலத்துக்கு ஏன் வெட்டினார்?

நெட் நண்பன்:
ப்ரோ, பாசிவே எழுதாதீங்க. நான் பாவிக்கிற ஆப், பாசிவ் வந்தாலே கீழே கோடு போட்டுக் காட்டும். எல்லாவற்றையும் ஆக்டிவ் ஆக்கிவிடுங்க, வேலை முடிந்தது.

காரைதீவு டீச்சர்:
தம்பி, அந்தப் பிள்ளை சரியாகத்தான் வெட்டியிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் 'பை' போடச் சொல்வது, எழுவாய் எங்கே போனது என்று பிள்ளைக்கு விளங்கியதா என்று பார்க்கத்தான். அது பயிற்சி. ஆங்கிலேயர் எழுதுகிற பாசிவ் வசனங்களில் பெரும்பாலானவற்றில் 'பை' வருவதே இல்லை. யார் செய்தது என்பது தெரியாதபோதும், தெரிந்தும் தேவைப்படாதபோதும், சொல்லாமலே விளங்கும்போதும் அதை விட்டுவிடுவார்கள். பாசிவ் எழுதுவதே பெரும்பாலும் அதற்குத்தான்.

உங்கள் பாலத்தைப் பாருங்கள். மனிதர் கட்டாமல் பாலம் தானாக முளைக்குமா? 'பை பீப்பிள்' என்பதில் வாசிப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. கோட்டை அப்படி இல்லை. பெயரே டச்சுக் கோட்டை, வருகிறவர் டச்சுக்காரன் கட்டியது என்றுதான் நினைப்பார். போர்த்துக்கேயர் கட்டினார்கள் என்பது அவருக்குப் புதுத் தகவல். ஆங்கிலத்தில் புதுத் தகவலை வசனத்தின் பின்பக்கம் தள்ளுவது வழக்கம். அதனால் அந்த 'பை' அங்கே இருந்தே ஆக வேண்டும். அடுத்து "இட் வாஸ் கேப்ச்சர்ட் பை த டச் இன் 1638" என்று ஒரு வரி சேருங்கள். கோட்டையிலேயே கதை தொடரும், பெயர் வந்த காரணமும் விளங்கும்.

நாம் பேசும்போது செய்வதை யோசியுங்கள். "இந்தப் பாலத்தை 1924இல் கட்டினார்கள்" என்கிறோம். யார் அந்த 'ஆர்கள்'? யாருமில்லை, கேட்பவரும் யார் என்று கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'பை' இல்லாத பாசிவ் செய்வது அந்த வேலையைத்தான். ஆகவே 'கட்டினார்கள்' என்று ஆள் சொல்லாமல் வாயில் வந்தால் "வாஸ் பில்ட்" என்று எழுதி நிறுத்துங்கள். 'அவர்கள்' யார் என்று தேடிப் பிடித்து 'பை பீப்பிள்', 'பை தெம்' என்று ஒட்ட வேண்டாம்.

பழைய பாலத்துக்கு லேடி மேனிங் பாலம் என்ற பெயரும் உண்டு, ஆளுநர் வில்லியம் மேனிங்கின் மனைவி பெயர். அதையும் எழுதினால் "நேம்ட் ஆஃப்டர் லேடி மேனிங்" என்று எழுதுங்கள். "நேம்ட் பை" என்றால் அந்த அம்மாவே வந்து பெயர் வைத்ததாகிவிடும். எங்கள் ஊர் விபுலானந்தரைப் பற்றி எழுதச் சொன்னால் "வாஸ் பார்ன் பை" என்று தொடங்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். "வாஸ் பார்ன் இன் காரைதீவு இன் 1892", அவ்வளவுதான். பெற்றோரைச் சொல்ல வேண்டுமென்றால் 'பார்ன் டு'.

வயல்வெளி, அம்பாறை:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. நான் திட்ட அறிக்கை எழுதுகிற ஆள், நாள் முழுக்க பாசிவோடுதான் சீவியம். நண்டுக் கறிப் பிரச்சினைக்குக் காரணம் நம்முடைய 'ஆல்'. "யானையால் அழிக்கப்பட்டது", "கத்தியால் வெட்டப்பட்டது" இரண்டுக்கும் நமக்கு ஒரே ஆல். ஆங்கிலம் இதைப் பிரிக்கும். செய்தவருக்கு 'பை', கையில் வைத்திருந்த கருவிக்கும் சேர்த்த சாமானுக்கும் 'வித்'. தேங்காய்ப்பால் அடுப்படியில் நின்று கறி சமைக்காது, சமைத்தது உங்கள் மாமி.

ஆனால் 'பை' மனிதருக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தானாக இயங்கி ஒன்றைச் செய்கிற எதற்கும் வரும். வெள்ளம், காற்று, யானை, ஏன் குளம்கூட. "தீஸ் ஃபீல்ட்ஸ் ஆர் இரிகேட்டட் பை த சேனாநாயக்க சமுத்திர" என்று எழுதினால் சரிதான். "த பேடி வாஸ் டெஸ்ட்ராய்ட் பை எலிஃபண்ட்ஸ்" என்பதில் 'பை எலிஃபண்ட்ஸ்' இல்லாவிட்டால் நட்டஈட்டு விண்ணப்பமே நிற்காது. அதே அறிக்கையில் "த பேடி இஸ் ஹார்வெஸ்டட் பை ஃபார்மர்ஸ்" என்று வந்தால் நான் வெட்டுவேன். வேறு யார் வந்து அறுக்கப் போகிறார்கள்?

வெளிச்சவீட்டுக்கு வந்த 'பை' வேறு சாதி. வருடத்துக்கு முன்னால் 'பை' வந்தால் 'அதற்குள்' என்று அர்த்தம். "பில்ட் பை 1913" என்றால் 1913க்குள் எப்போதோ கட்டி முடித்தாயிற்று என்று வாசிப்பார்கள்.

கல்லடிப் பொடியன்:
டீச்சர், வயல்வெளி அண்ணன், மிச்சம் நன்றி. 'ஹாப்பண்ட்' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மறுகா, மாமா இன்னொரு வரியும் போடச் சொல்கிறார்: விருந்தினருக்கு கேட் சாவி ஒன்று கொடுக்கப்படும். "டு கெஸ்ட்ஸ் எ கேட் கீ வில் பி கிவன்" சரியா?

காரைதீவு டீச்சர்:
செயப்படுபொருள் எடுக்காத வினைக்குப் பாசிவ் கிடையாது. 'நடக்கப்பட்டது' என்று நாமும் சொல்வதில்லைதானே. ஆனால் 'கூட்டம் நடத்தப்பட்டது' என்கிறோம், அந்த ஞாபகத்தில்தான் 'வாஸ் ஹாப்பண்ட்' வந்துவிடுகிறது. நடத்தினால் "வாஸ் ஹெல்ட்", தானாக நடந்தால் வெறும் "ஹாப்பண்ட்". சுனாமியை யாரும் நடத்தவில்லை. 'டைட்', 'அரைவ்ட்', 'டிஸப்பியர்ட்' எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

சாவி வரியில் நீங்கள் தமிழை அப்படியே தூக்கி வைத்திருக்கிறீர்கள். நமக்கு 'விருந்தினருக்கு' என்று 'கு' போட்டே தீர வேண்டும், அவர் எழுவாயாக வர ஏலாது. ஆங்கிலத்தில் வாங்குகிறவரே எழுவாயாகலாம்: "கெஸ்ட்ஸ் வில் பி கிவன் எ கேட் கீ." 'டு' வேண்டாம். யார் கொடுப்பது என்பதும் வேண்டாம், கெஸ்ட் ஹவுஸ்காரர்தானே கொடுப்பார்.

நெட் நண்பன்:
டீச்சர், அப்ப என் ஆப் சொல்வது பிழையா?

காரைதீவு டீச்சர்:
ஆப் பாசிவை அடையாளம் காட்டும், அது அந்த இடத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்பது உங்கள் வேலை மகன். பாடும் மீன் வரியை ஆக்டிவ் ஆக்கினால் "யூ கேன் ஹியர்" என்று வரும், அதுவும் நல்ல வசனம்தான். பால வரியை ஆக்டிவ் ஆக்கிப் பாருங்கள், எழுவாயாகப் போட ஆள் கிடைக்காது.

கல்லடிப் பொடியன்:
திருத்தி எழுதிவிட்டேன். கடைசி வரி இது: "திஸ் கெஸ்ட் ஹவுஸ் வாஸ் பில்ட் பை மை அங்கிள் பை த லகூன்." மாமா பெயர் வர வேண்டும் என்று நிற்கிறார், அதனால் 'பை' போட்டேன்.

வயல்வெளி, அம்பாறை:
இலக்கணப் பிழை இல்லை தம்பி. முதல் 'பை' மாமா, இரண்டாவது 'பை' வாவிக்குப் பக்கத்தில். ஆனால் வேகமாக வாசிக்கிற ஒருவர் மாமாவும் வாவியும் சேர்ந்து கட்டியதாக நினைக்க இடமுண்டு.

காரைதீவு டீச்சர்:
இங்கே ஆப் சொல்வதைக் கேட்கலாம். "மை அங்கிள் பில்ட் திஸ் கெஸ்ட் ஹவுஸ் பிசைட் த லகூன்." ஆளைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அவரை ஏன் பின்னால் தள்ள வேண்டும்?

கல்லடிப் பொடியன்:
மாமாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, அவர் முதல் ஆளாக வருகிறாராம். பின்னேரம் பிரிண்ட் எடுக்கப் போகிறேன், வேறு பிழை கண்ணில் பட்டால் நாலு மணிக்குள் சொல்லுங்கள்.