நைரோபி வழியாகப் பறக்கும் ரோஜாக்கள்: சரக்குத் துறையினரின் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளில் வெட்டப்படும் ரோஜாக்கள், நைரோபியின் ஜோமோ கென்யாட்டா விமான நிலையம் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும் முறை குறித்து ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

அந்நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்திருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறிய பகலில் அது மேலும் குறைய, நெடுந்தூரம் செல்லும் சரக்கு விமானம் முழுப் பாரத்துடன் மேலெழுவது கடினமாகிறது. அப்போது எரிபொருளைக் குறைப்பதா, பெட்டிகளைக் குறைப்பதா என்பதை யார், எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறார்கள்? மலர்ப்பெட்டிகள் எடையைவிட இடத்தையே அதிகம் அடைப்பவை. பெட்டி அடைக்கும் ஒவ்வொரு 6,000 கன சென்டிமீட்டர் இடத்தையும் ஒரு கிலோ எடையாகக் கொள்ளும் கட்டண முறை இம்முடிவை எவ்வாறு பாதிக்கிறது?

மற்றொன்று குளிர்பதனம் பற்றியது. பண்ணையிலும் லாரியிலும் கிடங்கிலும் குளிரில் காக்கப்படும் பூ, கிடங்கை விட்டு வெளியேறி விமானத்தில் ஏற்றப்படும் வரை திறந்த வெளியில் காத்திருக்க நேர்கிறது. நான் படித்த அறிக்கைகளோ இந்தக் காத்திருப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. காதலர் தின நெரிசலில் இந்த இடைவெளி எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை, சரக்கு ஏற்றும் பணியில் இருந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். பெங்களூரு வழியாக ரோஜா அனுப்பும் ஓசூர் விவசாயிகளின் அனுபவமும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.